நைட் ஷிஃப்ட்ல பிரேக்: ரூல்ல இருக்கு, உட்கார முடியல. உங்க வார்டுல எப்படி?

சாமந்தி:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் போய்ட்டிருந்தேன், இப்ப கேக்க வேண்டிய நிலைமை வந்திருச்சு. எங்களுக்கு நைட் 12 மணி நேரம், ராத்திரி 8ல இருந்து காலைல 8 வரைக்கும். மெடிக்கல் வார்டு, முப்பது பெட், மூணு ஸ்டாஃப். ரூல்படி நடுவுல 45 நிமிஷம் பிரேக் உண்டு. யாரும் முழுசா எடுத்து நான் பாத்ததில்ல, சாப்பாட்டு டப்பாவ ஸ்டேஷன்லயே திறந்து வச்சிட்டு ஒரு கைல பேனா ஒரு கைல ஸ்பூன்னு முடிச்சிட்டு எந்திரிச்சிருவோம். இது வரைக்கும் யாரும் பெருசா கேக்கல, ஓடிட்டிருந்துச்சு. இப்ப புதுசா நோட்டீஸ் போர்டுல ஒரு சர்க்குலர்: பிரேக் நேரத்துல படுக்கக் கூடாது, கண்ண மூடி உட்கார்ந்திருந்தா மெமோ. குடுக்காத பிரேக்ல தூங்கினா மெமோவாம், இத யார்ட்ட போய்ச் சொல்றது.

அடுத்த வாரம் வார்டு மீட்டிங். என்னைய பேசச் சொல்லி எல்லாரும் தள்ளி விட்டுட்டாங்க. சும்மா அழுதுட்டு வர மனசில்ல, ஏதாவது உருப்படியா கேட்டு வாங்கிட்டு வரணும். உங்க இடத்துல பிரேக் எப்படி நடக்குது, என்ன கேட்டா கிடைக்கும், சொல்லுங்க.

ஐசியூகாரி:
கண்ண மூடினா மெமோவா!! அப்ப கண்ணத் தொறந்துட்டே தூங்கற வித்தைய நாங்க கத்துக்குடுக்கறோம் வாங்க, நாலு மணிக்கு மேல எங்க யூனிட்ல பாதிப் பேர் அப்படித்தான் நிக்கறாங்க.

எங்க பிரேக் ரூம் எதுன்னு கேக்கறீங்களா, லினன் வைக்கற ஸ்டோர். ஒரு பக்கம் பெட்ஷீட் அடுக்கு, ஒரு பக்கம் ரிப்பேருக்குப் போக வேண்டிய மானிட்டர், நடுவுல சாயாத பிளாஸ்டிக் சேர் ஒண்ணு. உட்கார்ந்து செருப்பக் கழட்டுவோம், "சிஸ்டர் பெட் நாலு சாச்சுரேஷன் எறங்குது"ன்னு குரல் வரும். போய்ப் பாத்தா ஆக்ஸிஜன் அளவு காட்டற ப்ரோப் விரல்ல இருந்து கழண்டிருக்கும். திரும்பி வந்தா சேர்ல வேற யாரோட பையோ இருக்கும்.

நேர்பேச்சு:
நான் நர்ஸ் இல்ல, பேஷண்ட் வீட்டாளு. கோவிச்சுக்காதீங்க, அந்தப் பக்கத்தயும் யாராவது சொல்லணும்ல. எங்கப்பா அட்மிட் ஆகி இருந்தப்ப ராத்திரி மூணு மணிக்கு பெல் அடிச்சோம், யாரும் வரல. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா ஸ்டேஷன்ல ஒரு சிஸ்டர் டேபிள்ல தலைய வச்சுத் தூங்கிட்டிருக்காங்க. டிரிப்ஸ் முடிஞ்சு ட்யூப்ல ரத்தம் ஏறி நிக்குது. நைட் ட்யூட்டினா முழிச்சிருக்கறதுக்குத் தானே போறாங்க? செக்யூரிட்டி முழிக்கறாரு, ரயில் ஓட்டறவரு முழிக்கறாரு. இதுல தூங்கறதுக்கு ரூம் வேற கேட்டா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

பழைய_இன்சார்ஜ்:
நேர்பேச்சு சார், நீங்க சொன்னது நியாயமான கோவம், அத நான் தப்பு சொல்லல. ஆனா நீங்க பாத்த அந்த சிஸ்டர் பிரேக்ல தூங்கல. பிரேக் இல்லாததால ஸ்டேஷன்ல விழுந்துட்டாங்க. இது ரெண்டும் ஒண்ணு இல்ல. முன்னாடியே ஒரு மணிக்கு அவங்கள உள்ள அனுப்பிட்டு இன்னொருத்தர ஸ்டேஷன்ல உட்கார வச்சிருந்தா உங்க பெல்லுக்கு ஆள் வந்திருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. முதல் நைட்டுக்கு வர்ற பொண்ணு அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு எந்திரிச்சிருப்பா. புள்ளைங்கள அனுப்பி, வீட்டு வேலைய முடிச்சு, மத்தியானம் படுக்கலாம்னு பாத்தா தூக்கம் வராது, ஏன்னா உடம்பு பகல்ல இருக்கு. ராத்திரி 8 மணிக்கு ட்யூட்டி எடுக்கும்போதே 13 மணி நேரம் முழிச்சாச்சு. நடுராத்திரில 17. விடியக்காலம் நாலு மணிக்கு 21. 1997ல நேச்சர் பத்திரிகைல டாசன், ரீட்னு ரெண்டு பேர் எழுதின ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கறவங்க கை கண் ஒத்துழைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கறவங்க அளவுக்கு எறங்கிருதுன்னு காட்டினாங்க. நிறைய நாடுகள்ல அந்த அளவோட வண்டி ஓட்டினா கேஸ். 24 மணி நேரம் போனா கிட்டத்தட்ட 0.10. நம்ம பொண்ணு அந்த நேரத்துல தான் இன்சுலின் யூனிட் பாத்து இழுக்கறா, பொட்டாசியம் கலக்கறா.

இதோட உடம்போட கடிகாரம் வேற. பகல்ல வாழற மனுஷனுக்கு உள் உடம்பு சூடு ரொம்ப எறங்கறது விடியக்காலம் நாலு அஞ்சு மணி வாக்குல தான், அப்பத்தான் கவனமும் கீழ போகும். சோம்பேறி சுறுசுறுப்புன்னு இதுல வித்தியாசமே கிடையாது. முழிச்ச நேரம், உடம்பு நேரம் ரெண்டும் சேந்து அடிக்கற அந்த ரெண்டு மணி நேரத்துல தான் எங்க வார்டுல மருந்து வேலையும் அதிகம்.

கணக்குப்புள்ளை:
நான் ரோஸ்டர் போடற பக்கம் இருக்கறவன், திட்டறதுக்கு முன்னாடி முழுசாப் படிங்க.

மூணு பேர், ஆளுக்கு 45 நிமிஷம்னா ரெண்டே கால் மணி நேரம் அந்த வார்டு ரெண்டு பேரோட ஓடணும். அந்த நேரத்துல ஒரு பேஷண்ட் கொலாப்ஸ் ஆனா? ரெண்டு பேரும் அங்க ஓடிருவாங்க, மீதி 29 பேருக்கு யாரு? அத யோசிச்சுத்தான் மேனேஜ்மெண்ட் வாய் திறக்காம இருக்கு. இன்னொரு ஆள் போடுங்கன்னு ஒரு வரில நீங்க எழுதிருவீங்க, ஒரு நைட் போஸ்டுக்கு லீவு, ஆஃப் எல்லாம் சேத்தா ஒருத்தர வச்சு ஓட்ட முடியாது, குறைஞ்சது ரெண்டு மூணு பேர் எடுக்கணும். அப்புறம் நைட்ல டிஸ்சார்ஜ் கிடையாது, ரவுண்ட்ஸ் கிடையாது, விசிட்டர் கிடையாது. பகல விட கொஞ்சம் லேசு தானே.

ஐசியூகாரி:
லேசாஆஆஆ

சாமந்தி:
கணக்குப்புள்ளை அண்ணே, ஒரு நைட் வந்து நின்னு பாருங்க. 8 மணிக்கு ஓவர் (முந்தின ஷிஃப்ட் கிட்ட இருந்து பேஷண்ட் விவரம் கேட்டு வாங்கறது) எடுத்து முடிக்கவே எட்டே முக்கால் ஆயிரும். பத்து மணி மருந்து முப்பது பேருக்கு. நடுவுல கேஷுவாலிட்டில இருந்து அட்மிஷன், அது சரியா லைட்ட அணைச்ச நேரத்துக்குத் தான் வரும். 12 மணிக்கு வைட்டல்ஸ், அதாவது பிபி, பல்ஸ், காய்ச்சல் பாக்கறது. படுத்த படுக்கையா இருக்கறவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் போடணும், ஒருத்தரத் திருப்ப ரெண்டு பேர் வேணும், பகல்ல பேஷண்ட் கூட இருக்கற அட்டெண்டர் கை குடுப்பாங்க ராத்திரி அவங்களும் அசந்திருப்பாங்க. குழம்பிப் போன பெரியவர் ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு, கைல குத்தியிருக்கற கேனுலாவ பிடுங்கிட்டு வீட்டுக்குப் போறேன்னு கிளம்புவாரு. நாலு மணிக்கு இன்டேக் அவுட்புட் (உள்ள போன தண்ணி, வெளிய வந்த யூரின் கணக்கு) கூட்டணும், அஞ்சுக்கு ரத்த சேம்பிள், ஆறுக்கு சுகர் பாத்து இன்சுலின், ஆண்டிபயாட்டிக், அது முடியறதுக்குள்ள நோட்ஸ். டிஸ்சார்ஜ் இல்ல, ஒத்துக்கறேன். பகல்ல இருக்கற பிசியோ, பார்மசி ஆளு, வார்டு கிளார்க், ட்யூட்டி டாக்டர் கூட்டம் இவங்களும் இல்ல, அவங்க வேலையும் சேத்து எங்க தலைல தான்.

மெயில்நர்ஸ்_தம்பி:
அக்கா, எங்க வார்டுல இது செட் ஆயிருச்சு, எப்படின்னு சொல்றேன், பெரிய மந்திரம் இல்ல.

முன்னாடி எங்களுக்கும் "டைம் கிடைக்கும்போது போய்ட்டு வாங்க" தான். டைம் எப்ப கிடைக்கும்? கிடைக்கவே கிடைக்காது. இப்ப ஷிஃப்ட் ஆரம்பிச்சு ஓவர் முடிஞ்ச உடனே ஷிஃப்ட் இன்சார்ஜ் போர்டுல எழுதிருவாங்க, யாரு எத்தன மணிக்கு, அந்த நேரத்துல அவங்க பேஷண்ட்ஸ் யாரோட கணக்குல. பேர் போட்டு. முதல் ஆள் பன்னண்டே முக்கால், அடுத்தது ஒன்றரை, கடைசி ரெண்டே கால், மூணு மணிக்கு எல்லாரும் மேல. அதுக்கப்புறம் அஞ்சு மணி சேம்பிள் வரைக்கும் ஸ்டெடியா இருக்கலாம்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் வாய்ல ஓவர். முப்பது பேர் கதையும் இல்ல, "பெட் 11 பிபி கம்மி, அரை மணிக்கு ஒரு தடவ பாருங்க, பெட் 19 பிளட் ஓடுது, 1.20க்கு முடியும்" அவ்வளவு தான். முக்கியமான விஷயம் சாவி. நார்க்கோட்டிக் (போதை வகை வலி மருந்து) கப்போர்ட் சாவியும் வார்டு போனும் எண்ணிக் குடுத்துட்டுத் தான் உள்ள போகணும். சாவி உங்க பாக்கெட்ல இருந்தா பத்து நிமிஷத்துல கதவத் தட்டிருவாங்க, நீங்க போனது பிரேக்கே இல்ல. இத ஆரம்பத்துல நாங்க கண்டுக்கல, நேரம் போட்டும் ஏன் ஒழுங்கா நடக்க மாட்டேங்குதுன்னு மண்டைய உடைச்சுட்டிருந்தோம், கடைசில பாத்தா பாதி கால் சாவிக்குத் தான்.

கொலாப்ஸ் ஆனா பிரேக்ல இருக்கறவங்களக் கூப்பிடுவோம், அதுல சண்டையே இல்ல, கோட் ப்ளூவுக்கு (உயிருக்கு ஆபத்துன்னு கூப்பிடற அவசரக் கால்) யாரும் படுத்துட்டிருக்க மாட்டாங்க. லேப்ல இருந்து போன், டிரிப்ஸ் மாத்தணும், பார்மசில பில் கேக்கறாங்க, இதுக்கெல்லாம் கூப்பிடக் கூடாது. அந்தக் கோடு மட்டும் கிளியரா இருக்கணும்.

ஐசியூகாரி:
தம்பி சொல்றது வார்டுக்கு ஓகே. எங்களுக்கு ஒத்து வராது. எனக்கு ரெண்டு வென்டிலேட்டர் பேஷண்ட், பக்கத்துல இருக்கறவளுக்கு ரெண்டு. நான் போனா அவ நாலு பாக்கணும். ஒருத்தருக்கு பிபிய தாங்கிப் பிடிக்கற நார்அட்ரினலின் சிரிஞ்ச் முடியற நேரத்துல இன்னொருத்தர் ட்யூப்ல செகரிஷன் (சளி) அடைச்சா, சிரிஞ்ச மாத்தறதா சக்ஷன் பண்றதா? நார்அட் அரை நிமிஷம் நின்னாலே பிபி படுத்துரும். அதனால நான் பாத்துட்டே தான் போவேன், எந்த சிரிஞ்ச் எப்ப முடியும்னு கணக்குப் போட்டு புதுசு லோட் பண்ணி லேபிள் ஒட்டி பக்கத்துல ரெடியா வச்சிட்டு, சக்ஷன் பண்ணிட்டு, அப்புறம் போவேன். அதுலயே பிரேக்ல பதினஞ்சு நிமிஷம் காலி. எங்களுக்கு வெளில இருந்து ஒரு ரிலீவர் வந்தாத்தான் பிரேக், அதுவும் வென்டிலேட்டர் தெரிஞ்ச ரிலீவர். நைட் சூப்பர்வைசர் வந்து "நான் பாத்துக்கறேன் போ"ன்னு சொல்ற ராத்திரி எல்லாம் தீபாவளி.

படிக்கிற_பொண்ணு:
எம்எஸ்சி நர்சிங் படிக்கறேன், டாபிக்கே இது கிட்ட தான், அதனால மூக்க நுழைக்கறேன்.

ஐசியூ அக்கா சொன்ன ரிலீவர் விஷயம் சில இடத்துல சட்டமாவே இருக்கு. கலிஃபோர்னியால 2004ல இருந்து ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷண்ட்னு வார்டு வாரியா உச்ச வரம்பு நடைமுறைல இருக்கு, ஐசியூல ரெண்டு பேஷண்டுக்கு ஒருத்தர். அந்த ரேஷியோ எப்பவும் குறையக் கூடாது, பிரேக் நேரத்துலயும் தான். அப்ப ஒருத்தங்க சாப்பிடப் போனா அவங்க பேஷண்ட பக்கத்துல இருக்கறவங்க தலைல கட்ட முடியாது, வேற ஆள் வந்தே ஆகணும். ஜப்பான்ல வேற மாதிரி, அங்க லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டத்துல 8 மணி நேரத்துக்கு மேல வேலைன்னா நடுவுல ஒரு மணி நேரம் பிரேக் கட்டாயம், அந்த நேரத்த தொழிலாளி தன் இஷ்டத்துக்கு செலவு பண்ண விடணும்னே எழுதியிருக்கு. சாமந்தி அக்கா உங்க சர்க்குலர் அங்க செல்லாது. அங்க 16 மணி நேர நைட் ஷிஃப்ட் இன்னும் நிறைய ஆஸ்பத்திரில ஓடுது (அது கொடுமை தான், அதப் பாத்து ஆசப்படாதீங்க), ஆனா நடுவுல தூங்கறதுக்குன்னு நேரம் ஒதுக்கறது அங்க சகஜம்.

ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) பக்கமும் இருக்கு. 1977ல நர்ஸ்களுக்குன்னே 149ஆம் நம்பர் ஒப்பந்தம் போட்டாங்க, கூடவே 157ஆம் பரிந்துரை. பரிந்துரைல சாப்பாட்டு பிரேக் தனி, ரெஸ்ட் பிரேக் தனி, ரெஸ்ட் பிரேக் வேலை நேரத்துக்குள்ளயே சேரணும்னு இருக்கு. ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல 12 மணி நேரம் ஓய்வு வேணும்னும் இருக்கு. பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது தான், ஆனா மீட்டிங்ல எடுத்து வைக்க ஒரு காகிதம்.

நேர்பேச்சு:
சரி பழைய இன்சார்ஜ் அம்மா சொன்னதுல கொஞ்சம் எறங்கி வர்றேன். ஆனா ஒரு சந்தேகம், நிஜமாவே கேக்கறேன். நடுவுல அரை மணி நேரம் தூங்கி எந்திரிச்சா இன்னும் மந்தமா தானே இருக்கும்? எனக்கெல்லாம் மத்தியானம் தூங்கி எந்திரிச்சா அரை மணி நேரத்துக்கு யாரு என்னன்னே தெரியாது. அந்த நிலைமைல ஊசி போட வந்தா?

படிக்கிற_பொண்ணு:
கரெக்டான கேள்வி அண்ணா. அந்த மந்தத்துக்கு ஸ்லீப் இனர்ஷியான்னு பேரு, ஆழ்ந்த தூக்கத்துல இருந்து எழுப்பினா வர்றது. அதனால தான் குட்டித் தூக்கத்த 20, 30 நிமிஷத்துக்குள்ள வைக்கச் சொல்றாங்க, ஆழத்துக்குப் போறதுக்குள்ள எந்திரிச்சிரலாம். இல்லன்னா ஒரு முழு சுத்து, தோராயமா ஒன்றரை மணி நேரம். நடுவாந்தரமா ஒரு மணி நேரம்னு தூங்கறது தான் ஆளக் கவுக்கும். அப்புறம் ரெண்டு மணிக்குள்ள படுத்தா நாலு மணிக்குப் படுக்கறத விட எந்திரிக்க லேசு. எழுந்த உடனே மருந்து ட்ராலி பக்கம் போகாம பத்து பதினஞ்சு நிமிஷம் முகம் கழுவி, நடந்து, பெட் சுத்திப் பாத்துட்டு வரணும். 45 நிமிஷம் கேக்கறதே இதுக்குத் தான், 20 தூங்க, 10 சாப்பிட, 15 தெளிய.

நாசா 1994ல வெளியிட்ட ரிப்போர்ட் ஒண்ணு, நெடுந்தூர விமானம் ஓட்டற பைலட்டுங்கள வச்சுப் பண்ணது. ஒரு குரூப்புக்கு 40 நிமிஷம் சீட்லயே தூங்க நேரம் குடுத்தாங்க, மத்த பைலட்டுங்க ஓட்டினாங்க. சராசரியா 26 நிமிஷம் தூங்கினாங்க. தூங்காத குரூப்புக்கு கடைசி ஒன்றரை மணி நேரத்துல, அதாவது எறங்கற நேரத்துல, தன்னையறியாம செகண்ட் கணக்குல கண் சொருகறது நிறைய வந்துச்சு, தூங்கின குரூப்புக்கு ரொம்பக் கம்மி. நமக்கு அந்த எறங்கற நேரம் தான் காலைல அஞ்சுல இருந்து எட்டு.

ஒரு உண்மையும் சொல்லிடறேன், இல்லன்னா மீட்டிங்ல யாராவது எடுத்துப் போட்டா அக்கா மாட்டிப்பாங்க. 2004ல அமெரிக்காவுல 393 நர்ஸ்கள் தினசரி குறிச்சு வச்ச டயரிய வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. பாதிக்கும் குறைவான ஷிஃப்ட்ல தான் பேஷண்ட் பொறுப்பு இல்லாத சுத்தமான பிரேக் கிடைச்சிருக்கு. ஆனா பிரேக் கிடைச்சவங்களுக்கும் கிடைக்காதவங்களுக்கும் தவறு நடக்கற வாய்ப்புல வித்தியாசம் தெரியல. அதே வருஷம் அதே குழு எழுதின இன்னொரு பேப்பர்ல பன்னண்டரை மணி நேரமும் அதுக்கு மேலயும் வேல பாத்தா தவறு வாய்ப்பு மூணு மடங்குன்னு வந்துச்சு.

கணக்குப்புள்ளை:
பாருங்க, நான் சொல்லல, ஆராய்ச்சியே சொல்லுது. பிரேக் குடுத்தா தவறு குறையும்னு அடிச்சுப் பேச முடியாதுல்ல?

பழைய_இன்சார்ஜ்:
கணக்குப்புள்ளை தம்பி, அவசரப்படாதீங்க. அந்த டயரில நர்ஸே தான் தன் தவற எழுதறாங்க, கண்ணு கட்டிப் போனவளுக்குத் தான் பண்ணின தவறு எங்க தெரியும்? பகல் நைட் எல்லாம் கலந்த கணக்கு அது. பிரேக்னு அவங்க எடுத்ததுல யாரும் தூங்கியிருக்க வாய்ப்பு கம்மி, சாப்பிட்டு வந்திருப்பாங்க, சாப்பாடு தூக்கத்துக்கு ஈடாகாது.

தவறுக் கணக்க ஓரமா வைங்க. எங்க காலத்துல நைட் முடிச்சு வண்டில போறப்ப டிவைடர்ல ஏத்தி காலர் எலும்பு முறிஞ்ச பொண்ண நானே போய்ப் பாத்தேன். ட்யூட்டி முழுக்க ஒரு தவறு கிடையாது, ரிப்போர்ட்ல சுத்தம். ஆஸ்பத்திரி கணக்குல அவ நைட் சூப்பரா முடிஞ்ச நைட்.

ஷிஃப்ட்_மணி:
மேல அம்மா சொன்னதுக்கு ஒட்டு. நான் லேப் டெக்னீஷியன், எங்களுக்கும் நைட் உண்டு. 2016ல நைட் ட்யூட்டி பாக்கற 16 பேர மூடின ட்ராக்ல வண்டி ஓட்ட விட்டு ஒரு டெஸ்ட் பண்ணாங்க. ராத்திரி தூங்கிட்டு ஓட்டினப்ப மோதற நிலைமை ஒருத்தருக்கும் வரல. நைட் முடிச்சு ஓட்டினப்ப மூணுல ஒரு பங்குக்கு மேல அந்த நிலைமைக்குப் போய்ட்டாங்க, பக்கத்துல இருந்தவர் பிரேக் போட வேண்டியதாப் போச்சு, கிட்டத்தட்ட பாதி ஓட்டத்த பாதிலயே நிறுத்திட்டாங்க. அதனால சாமந்தி சிஸ்டர், பிரேக் ரூம் கேக்கறப்ப காலைல ட்யூட்டி முடிஞ்சும் ஒரு மணி நேரம் அங்க படுத்துட்டுப் போகலாம்னு சேத்துக் கேளுங்க. செலவே இல்லாத விஷயம் அது.

காபி பத்தி ஒரு வரி. அது உள்ள போய் வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும், அதனால குடிச்சிட்டு உடனே படுத்து எந்திரிச்சா சரியா இருக்கும், நான் பண்றது அதான். ஆனா பாதி காஃபின் உடம்ப விட்டுப் போக அஞ்சு மணி நேரம் வாக்குல ஆகுது, நாலு மணிக்கு மேல குடிச்சீங்கன்னா காலைல வீட்ல போய் மொட்டு மொட்டுன்னு விட்டத்தப் பாக்கணும்.

குட்டிம்மா:
நான் மெட்டர்னிட்டி லீவு முடிச்சு வந்தவ. எனக்கு அந்த 45 நிமிஷமும் பால் எடுக்கறதுக்கே போயிருது, எடுக்கலன்னா கட்டிக்கிட்டு காய்ச்சல் வருது. லினன் ரூம்ல கதவுக்கு தாப்பா இல்ல, ஒருத்தர வெளில நிக்க வச்சிட்டுப் பண்றேன். அது பிரேக் தானேன்னு எல்லாரும் சொல்றாங்க. பால் எடுக்கற நேரத்த ரெஸ்ட் கணக்குல சேக்கக் கூடாதுன்னு ஒரு வரி போடுங்க சாமந்தி, இதப் பேசறதுக்கே எல்லாருக்கும் கூச்சம்.

ஐசியூகாரி:
அது மட்டுமா, பாத்ரூம் போக ஆளில்லாம தண்ணியே குடிக்காம நிக்கறோம். யூரின் இன்ஃபெக்ஷன் வராத நைட் ஸ்டாஃப் ஒருத்தரக் காட்டுங்க.

மெயில்நர்ஸ்_தம்பி:
இன்னொன்னு யாரும் சொல்லல. மேனேஜ்மெண்ட் மட்டும் காரணம் இல்ல, நாமளும் தான். எங்க வார்டுல போர்டுல பேர் எழுதின முதல் மாசம் யாருமே போகல. சீனியர் ஒருத்தங்க "நாங்கல்லாம் இருபது வருஷம் உட்காராம பாத்தோம்"னு ஸ்டேஷன்ல நின்னுட்டே இருப்பாங்க, அவங்க போகாம ஜூனியர் எப்படிப் போவான்? போனா கூட இருக்கறவங்கள மாட்டி விட்டுட்டுப் போற மாதிரி ஒரு குத்தம் மனசுல. கடைசில இன்சார்ஜ் சிஸ்டர் என்ன பண்ணாங்கன்னா அந்த சீனியரத் தான் முதல் பிரேக்ல போட்டாங்க, சாவிய வாங்கிட்டு "அக்கா போய்ப் படுங்க, ஒன்றரைக்கு நானே எழுப்பறேன்"னு கைய புடிச்சு உள்ள விட்டாங்க. அவங்க போக ஆரம்பிச்ச அப்புறம் தான் மத்தவங்க போனோம்.

சாமந்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நான் மீட்டிங்ல 45 நிமிஷத்த ஒரு மணி நேரமாக்குங்கன்னு கேக்கலாம்னு தான் எழுதி வச்சிருந்தேன், அத அடிச்சிட்டேன். நேரம் ஏற்கனவே இருக்கு, அந்த நேரத்துல என் பேஷண்ட யாரு வச்சிருக்கறதுன்னு தான் இல்ல. அதனால எங்க வார்டுக்கு மெயில்நர்ஸ் தம்பி சொன்ன மாதிரி போர்டு, சாவி, எதுக்குக் கூப்பிடலாம் கூப்பிடக் கூடாதுன்னு கோடு. எங்க பக்கத்துல ரெண்டே ஸ்டாஃப் வச்சு ஓடற வார்டு ரெண்டு இருக்கு, அங்க ஒருத்தர் போனா ஒருத்தர் தனியா நிக்கணும், அது முடியாது. அவங்களுக்கு பன்னண்டரைல இருந்து நாலரை வரைக்கும் ஒரு ஃப்ளோட் ஸ்டாஃப் (வார்டு வார்டா போய் பிரேக்குக்கு மாத்தி விடற ஆள்) கேக்கப் போறேன். நாலு பேருக்கு 45 நிமிஷம், ஆளுக்கு ஓவர் குடுக்க வாங்க ஒரு அஞ்சு நிமிஷம், மொத்தம் 200 நிமிஷம், நாலு மணி நேரத்துக்குள்ள அடங்கிருது. கணக்குப்புள்ளை அண்ணே, இதுல ஓட்டை இருந்தா இங்கயே சொல்லிருங்க, மீட்டிங்ல வேண்டாம்.

கணக்குப்புள்ளை:
கணக்கு சரியா இருக்கு. முழு போஸ்ட் கேட்டா பைல் திரும்பி வந்துரும், நாலு மணி நேரம்னு கேட்டா இருக்கற சூப்பர்வைசர் பூல்ல இருந்தே ஓட்டலாம், நானே ஆதரிப்பேன். ஆனா வெறும் கைய வீசிட்டுப் போகாதீங்க. "பிரேக் கிடைக்கல"ன்னு சொன்னா "யாரு சொன்னா"ன்னு கேப்பாங்க. ரெண்டு வாரம் குறிச்சுக் கொண்டு போங்க. இன்னொன்னு, உங்க பிரேக் சம்பளம் இல்லாத பிரேக்கான்னு முதல்ல பாருங்க. நிறைய இடத்துல அந்த 45 நிமிஷத்த வேலை நேரத்துல இருந்து கழிச்சுத் தான் சம்பளம் போடறாங்க. கழிச்சிட்டு, வேலையும் வாங்கினா அது எங்களுக்குத் தான் தலைவலி, ஹெச்ஆர் காதுல அந்த வார்த்தை விழுந்தாலே நிமிந்து உட்காருவாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

சாமந்தி:
அய்யோ அது தெரியாது, சம்பள ஸ்லிப்பப் பாக்கறேன். மீட்டிங் அடுத்த வாரம், ரெண்டு வாரம் டைம் இல்லையே, இருக்கற நாளுக்கு எழுதறோம். யாரு எழுதறது? பிரேக் கிடைக்காதவ அத உட்கார்ந்து எழுத வேற நேரம் தேடணுமா?

பழைய_இன்சார்ஜ்:
அவ எழுத வேண்டாம். போர்டுல பேர் எழுதற ஷிஃப்ட் இன்சார்ஜே எழுதட்டும், ஓவர் புக்கோட கடைசிப் பக்கத்துல ஒரு ஆளுக்கு ஒரு வரி போதும். போக வேண்டிய நேரம், போன நேரம், திரும்பின நேரம், நடுவுல கூப்பிட்டாங்களா, எதுக்கு. அந்த "எதுக்கு" கட்டத்த விட்டுராதீங்க, நாலு நாள்லயே தெரிஞ்சிரும், உயிர் போற விஷயத்துக்குக் கூப்பிட்டது எத்தன, சாவிக்குக் கூப்பிட்டது எத்தனன்னு. சர்க்குலர்ல மெமோ வரிய எடுக்கச் சொல்றத முதல்ல பேசாதீங்க, அதுல தான் மானப் பிரச்சனையாகி மீட்டிங் முடிஞ்சிரும். ஃப்ளோட் கேட்டு வாங்குங்க முதல்ல. ரிலீவர் வந்து சாவி கை மாறினதுக்கு அப்புறம் அவ உள்ள கண்ண மூடினாளா தொறந்தாளான்னு யாரு எட்டிப் பாக்கப் போறாங்க.

நேர்பேச்சு:
சிஸ்டர், அட்டெண்டருங்களுக்கும் ஒரு வரி போர்டுல எழுதி வைங்க, இந்த நேரத்துல உங்க பெட்டுக்கு இந்த சிஸ்டர்னு. பெல் அடிச்சு யாரு வருவாங்கன்னு தெரிஞ்சா நாங்க எந்திரிச்சு வந்து ஸ்டேஷன்ல தேட மாட்டோம்.

சாமந்தி:
இது நல்லா இருக்கே, சேத்துக்கறேன் சார்.